ஸ்தோத்திரக் கேழ்வரகு

"ஓடுங்க! பிளேக்கு ஆபீசருங்க வந்துட்டாங்க! புள்ளைங்கள தூக்கினு ஓடுங்க!"

திங்கட்கிழமை. ஆகமன காலத்தின் இரண்டாம் ஞாயிறு முடிந்த மறுநாள். காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். கத்தியவள் முனியம்மா. பக்கத்து வீட்டுக்காரி. குடியாத்தத்துப் பக்கம். சுரங்கத்தின் மேலே கல் பொறுக்கும் வேலை அவளுக்கு.

நான் ஓடுகிறேன். இடுப்பில் ரூத். என் மகள். ஆறு வயது. இடுப்பில் தூக்குகிற வயது இல்லை. ஆனால் அவளால் நடக்க முடியவில்லை. உடம்பு அடுப்புக்கல்லாகச் சுடுகிறது. தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவு கட்டி. அதைப் பாவாடையால் மூடியிருக்கிறேன். யாரும் பார்க்கக் கூடாது. பார்த்தால் நோயாளிகளை அடைத்து வைக்கும் கேம்புக்குப் பிடுங்கிக் கொண்டு போவார்கள்.

பின்னால் சத்தம். கம்பால் கதவைத் தட்டும் சத்தம். மூங்கில் தட்டியைப் பிய்க்கும் சத்தம். தகர வாளி உருளும் சத்தம். அப்புறம் ஒரு பெருமூச்சு போல ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். எங்கள் வரிசையின் முதல் குடிசை எரிகிறது.

என் கணவர் ஆபிரகாம் அப்போது நிலத்துக்கு அடியில். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வரச் சாயங்காலம் ஆகும். அவருக்கு எதுவும் தெரியாது.

என் பெயர் சாராள். நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துக்குப் பக்கத்துக் கூலி லைனில் இருந்தோம். பிளேக் வந்த வருஷத்தின் கதையை எங்கள் சபையில் எல்லோரும் சொல்கிறார்கள். ஓர் இடத்தில் தவறாகச் சொல்கிறார்கள். அந்தத் தவறு என்னால் வந்தது. அதனால் எழுதுகிறேன்.

அதற்கு இரண்டு வாரம் முன்பு ஸ்தோத்திரப் பண்டிகை. கிறிஸ்மஸுக்கு முன் வரும் நாலு ஞாயிறுகள்தான் ஆகமனம்; அது தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு. எங்கள் கோயில் என்பது தகரக் கூரை, தட்டிச் சுவர், மண் தரை. உபதேசியார் ஞானமுத்து கட்டியது. பதினொரு வருஷம் ஆனது அவருக்கு. ஷிப்டு முடிந்து வருகிற ஆட்களைக் கெஞ்சிக் கூட்டி வந்து, அஸ்திவாரக் கல்லை அவரே தலையில் சுமந்தவர். மணி ஒன்று வாங்கிக் கட்டினார். அதன் கயிற்றை வேறு யாரையும் தொட விடமாட்டார்.

அந்தப் பண்டிகைக்கு ஜனங்கள் காணிக்கையாகத் தானியம் கொண்டுவந்தார்கள். கேழ்வரகு. ஏழு மூட்டை. எப்போதும் ஏலம் விடுவோம். அந்த வருஷம் மழை இல்லை. விலை ஏறியிருந்தது. ஏலம் வேண்டாம், கிறிஸ்மஸுக்கு இல்லாத வீடுகளுக்குப் பங்கு போடலாம் என்றார் உபதேசியார். எல்லோரும் ஆமென் என்றோம். மூட்டைகளைப் பலிபீடத்துக்குப் பின்னால் அடுக்கினோம். கோயிலைப் பெருக்குகிற வேலை என்னுடையது. அளந்து போடுகிற வேலையும் எனக்கே வந்தது.

அப்போதே பெங்களூரில் பிளேக் இருந்தது. பவுரிங்பேட்டையில் ரயிலை நிறுத்தி, கட்டி இருக்கிறதா என்று அக்குளைத் தடவிப் பார்க்கிறார்கள் என்றார்கள். எலி விழுந்தால் ஊரைக் காலி பண்ண வேண்டும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். எங்கள் லைனில் எலி விழவில்லை. நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

ஆகமனத்தின் முதல் ஞாயிறு. விழித்திருக்க வேண்டும் என்பது பிரசங்கம். எஜமான் வருகிற நேரம் வேலைக்காரனுக்குத் தெரியாது என்றார் உபதேசியார். நான் முன் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினேன்.

மறுநாள் காலை பெருக்கப் போனேன். மூன்று எலி. இரண்டு செத்துக் கிடந்தன. மூன்றாவது மூட்டைக்குப் பக்கத்தில் தன்னைத் தானே சுற்றிக்கொண்டிருந்தது. குடித்தவனைப் போல. என்னைப் பார்த்தும் ஓடவில்லை. சுற்றிச் சுற்றி வந்து என் கால் பெருவிரலுக்கு முன்னால் விழுந்தது.

உபதேசியாரைக் கூப்பிட்டேன். வந்தார். பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"சாராளம்மா, இத யாருக்கும் சொல்லாத."

"ஐயா, எலி விழுந்திருக்கு. சொல்லாம எப்பிடி?"

"சொன்னா நாளைக்கே கோயிலக் கொளுத்திடுவாங்க. மூணு வாரம். கிறிஸ்மஸ் போவட்டும். நானே போயி சொல்றேன்."

"இந்தக் கேவுறு?"

"சீல் வெச்சிட்டா ஏழைங்க வாயில மண்ணு. நாளைக்கே குடுத்துடு."

அவர் கெட்டவர் இல்லை. மறுபடியும் எழுதுகிறேன், அவர் கெட்டவர் இல்லை. அவர் கண்ணில் நீர் நின்றது. கோயிலுக்குப் பின்னால் குழி தோண்டினார். நான் எலிகளை முறத்தில் அள்ளிப் போட்டேன். இரண்டு பேருமாக மண் தள்ளினோம். கல்லை வைத்தோம்.

செவ்வாய்க்கிழமை ஆறு வீடுகளுக்குக் கொண்டுபோனேன். நாலு வீடு எங்கள் சபை. இரண்டு வீடு இந்து. அதில் ஒன்று முனியம்மாவுடையது. அவள் கணவன் சின்னச்சாமிக்குச் சுரங்கத்து லெவலில் கல் விழுந்து கால் போயிருந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஸ்தோத்திரம் சொன்னேன். ஒவ்வொரு வாசலிலும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

காலி மூட்டை ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்தேன். பனி அதிகம். தரை ஜில்லென்று இருந்தது. உதறாமலேயே அதை ரூத்துக்கு விரித்தேன். எலியின் தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கொண்டுவருகிறது என்று வருஷங்கள் கழித்து டாக்டர்கள் சொன்னார்கள். அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஆனால் எலி விழுந்தது தெரியும். அது போதாதா?

சனிக்கிழமை தோபியா தாத்தாவுக்குக் காய்ச்சல். நான் கொடுத்த முதல் வீடு. அன்று மத்தியானம் யாக்கோபுவின் மனைவி கண் சிவந்து, வாய் குழறி, தெருவில் விழுந்தாள். இரண்டாவது வீடு. நான் வாசலில் நின்று பார்த்தேன். நிலத்துக்கு அடியில் மத்தியான வெடி வைத்தார்கள். ஒன்று. இரண்டு. மூன்று. காலடி மண் அதிர்ந்தது. நான் வெடியை எண்ணவில்லை. வீடுகளை எண்ணினேன்.

இரண்டாம் ஞாயிறு. கோயிலில் பாதிப் பேர் இல்லை. உபதேசியார் ஜெபத்தை நடுவில் நிறுத்தினார். இடது கையைச் சற்று அகற்றி வைத்துக்கொண்டார், அக்குளில் ஏதோ உறுத்துகிறது போல. ஜனங்கள் கண் மூடியிருந்தார்கள். நான் மூடவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மறுபடி ஜெபத்தைத் தொடங்கினார். வீட்டுக்கு வந்தேன். ரூத் மூட்டையின் மேல் சுருண்டு கிடந்தாள்.

மறுநாள் ஓடினோம்.

பூதிகோட்டைப் பாதை. முப்பது பேர் இருப்போம். சின்னச்சாமியைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். கேழ்வரகுக் கொல்லைகள் அறுப்பு முடிந்து மொட்டையாகக் கிடந்தன. ஊர் எல்லையில் ஆட்கள் நின்றார்கள். கையில் கம்பு. கவண்கல்.

"அல்லே நில்லு! அங்கயே நில்லு! கிட்ட வராதே!"

"தண்ணி மட்டும் குடுங்கய்யா!"

"கல்லு வரும்! போ! திரும்பிப் போ!"

முதல் கல் மண்ணில் விழுந்தது. இரண்டாவது ஒரு பானையில் விழுந்தது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் செய்ததை நான் ஒரு வாரம் முன்பு செய்திருக்க வேண்டும். எலி விழுந்திருக்கு, கிட்ட வராதீங்க என்று நான் கத்தியிருக்க வேண்டும்.

பாதையை விட்டுப் பாறைகளுக்கு நடுவே தங்கினோம். ரூத் பேச்சை நிறுத்தியிருந்தாள். முனியம்மா வந்தாள். பிள்ளைக்கு இன்னா என்று கேட்டாள். காய்ச்சல் என்றேன். அவள் பாவாடையை விலக்கினாள். கட்டியைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இப்போது கத்துவாள், எல்லோரும் எழுந்து ஓடுவார்கள் என்று நினைத்தேன்.

கத்தவில்லை. பாவாடையைத் திரும்ப மூடினாள். தன் முந்தானையைக் கிழித்தாள். தன் சொம்பில் கடைசியாக இருந்த தண்ணீரில் நனைத்தாள். ரூத்தின் நெற்றியில் போட்டாள். அப்படியே மடியில் எடுத்துக்கொண்டாள்.

"நீ கொஞ்சம் கண்ண மூடு. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

துன்பத்தில் கடவுளைக் கண்டீர்களா என்று பிறகு பலர் கேட்டார்கள். நான் கண்டது அந்த ஓர் இடத்தில்தான். அந்த முந்தானைத் துணியில். கண்டதும் எனக்கு ஆறுதல் வரவில்லை. பயம்தான் வந்தது.

புதன்கிழமை காலை, வெயில் பாறையைத் தொடுகிற நேரம், ரூத் போய்விட்டாள். கையால் மண் தோண்டினோம்.

அன்று மத்தியானம் எங்களைக் கண்டுபிடித்துக் கேம்புக்கு அழைத்துப் போனார்கள். தகரக் கொட்டகைகள். சுண்ணாம்பு வாடை. ஆபிரகாம் வேலிக்கு வெளியே நின்றார். மூன்று நாளாக எங்களைத் தேடியிருக்கிறார். நான் வெறும் கையோடு நடந்து வருவதைப் பார்த்தார். வேலியைப் பிடித்தபடி கீழே உட்கார்ந்தார்.

கேம்பில் உபதேசியார் இருந்தார். சின்னச்சாமியும் அங்கே காய்ச்சலில் படுத்தான். சனிக்கிழமை செத்தான்.

மூன்றாம் ஞாயிறு. காலை. கொட்டகைக்கு மணி இல்லை. உபதேசியார் ஜெபம் சொல்வார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் கம்பத்தைப் பிடித்து எழுந்து நின்றார். குரல் உடைந்து வந்தது.

"நான் பாவி. கோயில்ல எலி விழுந்துச்சி. தெரிஞ்சும் மறைச்சேன். அந்தக் கேவுற உங்களுக்குக் குடுத்தனுப்புனேன். என்ன மன்னிக்காதீங்க. தெரிஞ்சிக்கங்க."

கொட்டகையில் ஒரு முனகல் எழுந்தது. ஒருவன் கேட்டான்.

"வேற யாருக்குத் தெரியும்? அளந்து போட்டவளுக்குத் தெரியுமா?"

உபதேசியார் என் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்ல. அந்தம்மாவுக்குத் தெரியாது. நான் ஒருத்தன்தான் பாத்தேன்."

நான் இரண்டு கட்டில் தள்ளி உட்கார்ந்திருந்தேன். கையில் தண்ணீர்ச் சொம்பு. பக்கத்தில் முனியம்மா. தாலியறுத்து ஒரு நாள் ஆனவள். அவள் என் தோளில் கை வைத்தாள். பாவம், உன்னையும் ஏமாத்திட்டாரே என்பது போல. நான் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. வாய் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை உபதேசியார் செத்தார். கடைசியாகச் சொன்னது ஒரு பொய். அது எனக்காகச் சொன்ன பொய்.

கோயிலைக் கொளுத்தினார்கள். கிறிஸ்மஸ் வந்தது. கொட்டகையில் யாரும் பாடவில்லை.

உபதேசியாரின் மனைவி எலிசபெத்தைச் சபையில் யாரும் உட்கார விடவில்லை. தண்ணீர்க் குழாயில் அவள் பானையை உதைத்தார்கள். ஆற்காட்டுப் பக்கம் தாய்வீட்டுக்குப் போனாள். நான் வழியனுப்பக் கூடப் போகவில்லை. வருஷா வருஷம் ஸ்தோத்திரப் பண்டிகையில் பிழைத்தவர்களைச் சாட்சி சொல்ல எழுப்புவார்கள். நானும் எழுந்தேன். உயிரோடு வைத்ததற்கு நன்றி சொன்னேன். ரூத்துக்காக அழுதேன். ஜனங்களும் அழுதார்கள். எட்டு வருஷம்.

ஒன்பதாம் வருஷம் முதலில் ஆபிரகாமிடம் சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போனார். திரும்பி வந்து, "சபையில சொல்லு. நான் பக்கத்துல நிக்கறேன்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை, இன்றுவரை.

அடுத்து முனியம்மாவிடம் போனேன். முழுவதும் சொன்னேன். அவள் முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"என் புருசன் அந்தக் கூழத்தான் கடைசியா குடிச்சான்" என்றாள். எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள்.

அந்த ஞாயிறு சபையில் எழுந்தேன். ஸ்தோத்திரம் சொல்லவில்லை. இரண்டு பேர் பார்த்தோம் என்றேன். ஆனாலும் சபையில் இன்னும் பழையபடியேதான் சொல்கிறார்கள். எலிசபெத்துக்கும் எழுதினேன். பதில் வரவில்லை.

இனி இழந்தவை.

எங்கள் வரிசையில் பதினாறு குடிசை. எல்லாம் எரிந்தன. ஒரு கோயில். ஒரு மணி, தீயில் விரிசல் விட்டது.

நான் கேழ்வரகு கொடுத்த ஆறு வீடுகளில் இறந்தவர்கள்: தோபியா தாத்தா. யாக்கோபுவின் மனைவி மார்த்தாள், அவள் வயிற்றில் இருந்தது. தேவதாஸ், அவன் தம்பி. சலோமி அக்கா. சின்னச்சாமி. ஆறாவது வீட்டில் நாலு பேர். கங்கம்மா, அவள் கணவன், இரண்டு பெண்கள். அந்தப் பெண்களின் பெயரைக் கேட்டு வைக்காமல் போனேன். இப்போது சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை.

உபதேசியார் ஞானமுத்து.

எலிசபெத்தின் நல்ல பெயர். முனியம்மா. அவள் உயிரோடு இருக்கிறாள். அடுத்த தெருவில்தான். என்னோடு பேசுவதில்லை.

ரூத். பூதிகோட்டைப் பாதைக்கு இடது பக்கம், மூன்று பாறைக்கு நடுவில்.