கண்மேல் போட்ட துண்டு

"லைட்டுக்கும் குடலுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

பெரம்பலூரிலிருந்து லப்பைக்குடிக்காடு போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்த மாமியார் மருமகளிடம் கேட்டார். மருமகள் மடியில் மருந்துப் பை இருந்தது.

"எனக்குக் குடல் புண்ணு ஆற மாத்திரை மட்டும் பத்தாதாம் மாமி. நேரத்தோட லைட்ட அணைச்சுட்டுத் தூங்கணுமாம். தூக்கம் கெட்டா மறுபடி ரத்தமா போகலாமாம்."

"துபாய்ல எம் மவனுக்கு டூட்டி முடியறதே நமக்கு ராத்திரி ஒரு மணி. அப்புறம் வீடியோ கால்ல கூப்புடறப்ப இருட்டா இருந்தா பேயின்னு நெனச்சு போன வச்சிருவான்."

மருமகள் சிரித்தாள். "டாக்டர் சொன்னத அவருகிட்ட சொல்லிராதீங்க மாமி."

"ஏன்?"

"சொன்னா போனே பண்ண மாட்டாரு."

மாமியார் மருந்துப் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

என் மனைவிக்கும் இதே நோய்தான். அப்போதெல்லாம் ஒற்றை அறை வீட்டில் டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டு விடிய விடியப் படிப்பேன். அவள் கண்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பாள். அந்த வெளிச்சத்தால்தான் நோய் முற்றியதா என்று எனக்குத் தெரியாது. அணைக்கட்டுமா என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.