புது ரப்பர் இறுக்கமாகத்தான் இருக்கும்

கிளட்ச் ஒழுகினால் முதலில் காட்டிக்கொடுப்பது பெயின்ற்தான். பிரேக் ஒயில் பட்ட இடத்தில் பெயின்ற் கொப்பளித்து உரிந்துவிடும். என் மருமகன் சுபாங்கனின் மோட்டார் சைக்கிளில் இடப்பக்கத்து எஞ்சின் மூடி அப்படித்தான் உரிந்திருந்தது. பழைய ஜப்பான் வண்டி. என் மகள் மயூராவுக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வயது. மனைவியைவிட அதற்குத்தான் உங்கள் கவனிப்பு அதிகம் என்று அவரைக் கேலி செய்வேன்.

பிள்ளை சந்திரகலா, நான் அவசரமில்லாமல் ஆறுதலாகச் சொல்கிறேன். நீங்களும் ஆறுதலாக அதிகாரிக்கு ஆங்கிலத்தில் சொல்லுங்கள். 2011இல் சுபாங்கன் இறந்தபோதும் இந்தப் பொலிஸ் நிலையத்தில் நீங்கள்தான் எனக்கு மொழிபெயர்த்தீர்கள். உங்கள்மேல் ஒரு பிழையும் இல்லை.

அந்த வண்டியில் கிளட்சுக்குக் கம்பி கிடையாது. கைப்பிடியை அழுத்தினால் குழாய் வழியே பிரேக் ஒயில் போய்க் கிளட்சைத் தள்ளும். ஒழுகினால் பிடி தொளதொளத்துவிடும். இங்கே சிட்னியில், கிரவீனில் எங்கள் வீட்டுக் கராஜில் வைத்து எல்லாவற்றையும் துடைத்தேன். சந்தேகப்பட்ட இடங்களில் வெள்ளைக் கடதாசி சுற்றி, அவரைப் பிடியை அழுத்தச் சொன்னேன். கீழே எஞ்சின் பக்கத்துக் கடதாசி நனைந்தது.

"உள் ரப்பர் முடிஞ்சுது தம்பி. மாத்தினால் சரி," என்றேன்.

"மாமா இருக்கேக்க நான் ஏன் வேற ஆக்களிட்டக் கொண்டு போறன்?" என்றார்.

அவ்வளவு நம்பிக்கை. எனக்கும் அவரில் விருப்பம்தான். இதை அதிகாரி நம்பமாட்டார், என்றாலும் சொல்லுங்கள்.

புது ரப்பர் வந்து சேர்ந்த கிழமைதான் வெரிபீ வீட்டுக் கதையும் வந்தது. அவருக்கு மெல்பனில் புது வேலை, அதன் ஓரத்தில் வெரிபீயில் புது வீடு, இங்கிருந்து ஒரு பகல் ஓட்டம். சனிக்கிழமை அவர் மோட்டார் சைக்கிளில் போய் வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வருவார். பிறகு மயூராவையும் பேத்தியையும் கூட்டிப்போவார். "உங்களுக்கும் ஒரு அறை கிடக்கு மாமா," என்றும் சொன்னார்.

எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். கிரவீன் வீட்டை நானும் என் மனைவி நாகேஸ்வரியும் மகளுக்குச் சீதன வீடு என்று நினைத்தே வாங்கினோம். நாகேஸ்வரி போன பிறகு, குசினியில் மகள் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டால்தான் எனக்கு விடியும். மருமகன் வீட்டு அறையில் விருந்தாளிபோல் போய் இருக்க என் மனம் இடம் கொடுக்கவில்லை. கேட்டுச் செய்திருக்கலாம். சொல்லிவிட்டுச் செய்தார்.

ரப்பரை ஒழுங்காகத்தான் போட்டேன். குழாயில் இருந்த காற்றையும் ஒழுங்காக வெளியேற்றினேன். ஒயிலைத்தான் மாற்றி விட்டேன். பிரேக் ஒயில் போத்தலுக்குப் பக்கத்தில் காரின் ஸ்டியரிங்குக்கு விடும் ஒயில் இருந்தது. அதை எடுத்து விட்டேன்.

அது இந்த ரப்பரை ஊதவைக்கும். யாழ்ப்பாணத்தில் யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது பிரேக் ஒயில் கிடைக்காமல், கண்ட ஒயிலையும் விட்டு ஓடிய வான் ஒன்றை நானே கழற்றியிருக்கிறேன். ரப்பரெல்லாம் ஊறிய கடலைபோல் பருத்திருந்தது. அன்று நீங்கள் கேட்டபோது இதைச் சொல்லவில்லை. ஒயில் விட்டேன் என்று மட்டும் சொன்னேன். எங்கள் ஆட்களுக்கு எல்லாமே ஒயில்தான், பிரேக் ஒயில், எஞ்சின் ஒயில், ஸ்டியரிங் ஒயில். ஆங்கிலத்தில் பிரேக்குக்கு விடுவதை ஒயில் என்பதில்லை. வண்டிக்குள் ஏன் ஸ்டியரிங் ஒயில் இருந்தது என்று அதிகாரி கேட்க, நீங்கள் அதை விளக்கினீர்கள். அவர் என் தோளைத் தட்டினார். களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் கிழவன், சொல்லால் வந்த பிழை என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மறைத்தேன். சோறு உங்கள் விளக்கம்தான் என்பது உங்களுக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமைக்குள் கிளட்ச் இறுகி, வண்டி கராஜிலேயே நின்றுவிடும், பயணம் தவறிப்போகும் என்றுதான் நினைத்தேன். வெள்ளிக்கிழமையும் அவர் அதில் வேலைக்குப் போய்வந்தார். சனி காலை ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"மாமா, பிடி கொஞ்சம் இறுக்கமாக் கிடக்கு. பரவாயில்லையோ?"

நான் அழுத்திப் பார்த்தேன். ரப்பர் ஊதத் தொடங்கியிருந்தது. கைக்கே தெரிந்தது.

"ஓம், புது ரப்பர் இறுக்கமாத்தான் இருக்கும் தம்பி. போயிட்டு வாங்கோ."

சிக்னலில் அவர் நியூட்ரல் போடமாட்டார். முதல் கியரிலேயே வைத்துப் பிடியை அழுத்தியபடி நிற்பார். கெட்ட பழக்கம் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். பெருஞ்சாலை ஏறுவதற்கு முந்திய சிவப்பு விளக்கில் அப்படித்தான் நின்றார். பிடி கையில் அழுத்தியபடியே இருக்க, ஊதிய ரப்பர் கிழிந்து கிளட்ச் கைவிட்டது. வண்டி முன்னால் பாய்ந்தது. குறுக்கே லொறி வந்தது.

கொல்ல நினைத்தீர்களா என்று அதிகாரி கேட்பார். அந்தப் பிடியை அழுத்திப் பார்த்தபோதே எனக்குச் சிவப்பு விளக்குகள் நினைவுக்கு வந்தன. அதையும் சொல்லிவிடுங்கள்.

மயூரா என்னை ஒரு சொல் ஏசவில்லை. "அப்பா பாவம், தெரியாமல் செய்தவர்," என்று செத்தவீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அவளே சொன்னாள். சுபாங்கனின் சப்பாத்தை வாசலிலிருந்து எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் அழுதிருக்கிறேன். என்றாலும் காலையில் குசினியில் சத்தம் கேட்டது. அவள் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். பேத்தி என் மடியிலேயே வளர்ந்தாள். நான் நிம்மதியாகவும் இருந்தேன், பொய் சொல்லக் கூடாது.

போன ஞாயிற்றுக்கிழமை மயூரா நான் இருந்த கதிரைக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அப்பா, நான் பிள்ளையோட வெரிபீக்குப் போகப்போறன். அவர் ஆசைப்பட்ட இடம். அவரின்ர அக்கா யோகாவும் அங்க வந்திட்டா. நீங்களும் வாங்கோவன்."

அன்று எனக்குச் சாப்பிட முடியவில்லை. மனச்சாட்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா, பிள்ளை? எவ்வளவு காலத்துக்குத்தான் ஒரு மனிதன் பெற்ற மகளிடம் உண்மையை மறைப்பது? அதனால்தான் இன்று நானாகவே வந்தேன். ஒருவரும் என்னை வற்புறுத்தவில்லை.

இவ்வளவையும் சொல்லி முடித்த பிறகு, அதிகாரியிடம் எனக்காக ஒன்று கேளுங்கள். வழக்கு சிட்னியில்தானே நடக்கும்? அது முடியும்வரை மயூரா இங்கேதானே இருக்க வேண்டிவரும்?