அன்னப்பூரணி மாமியிட சீனிக் கொப்பி

இல்ல நேர்ஸ் மிஸ், சீனி பாக்கிற மெசின் பிழையில்ல. எங்கட வீட்டு மெசினும் பிழையில்ல, நீங்க இப்ப மாமிக்குக் குத்திப் பாத்த ஆசுபத்திரி மெசினும் பிழையில்ல. ஓம், கொப்பியில மாசக்கணக்கா நூத்திப் பதினாறு, நூத்தி இருபது எண்டுதான் கிடக்கு. உங்கட மெசின் முந்நூத்தி நாப்பத்திரண்டு காட்டிட்டு. சொல்றன். மாமி வெளியில வாங்கிலதானே குந்திக்கொண்டிருக்கா? அந்தக் கதவக் கொஞ்சம் சாத்துங்க. இந்தப் போத்தல்ல இருக்கிற தண்ணியக் குடிக்கட்டா?

எழுத்து என்ட எழுத்துத்தான். எட்டாம் வகுப்புப் படிச்ச எழுத்து. கோடும் நான் போட்ட கோடு: சாப்பாடு, நேரம், சீனி. முதல் வாய் வைக்கிற நேரத்தில இருந்து ரெண்டு மணித்தியாலம் எண்ணோணும் எண்டு நீங்கதானே சொல்லித் தந்தீங்க? அதில ஒரு நிமிசம் பிசகாது. கல்லடிப் பாலத்துச் சென்றியில ஆமிக்காரன் நிண்ட மாதிரி, மணிக்கூட்டுக்கு முன்னால மாமி நிப்பா.

சாப்பாடா? அத ஏன் கேக்கிறீங்க. இந்தா, குரக்கன் ரொட்டி எண்டு எழுதியிருக்கில்ல, அது தேங்காப்பூப் போட்ட அரிசிமாப் புட்டு. பாவக்காய்க் கறி எண்டு இருக்கில்ல, அது எருமத் தயிரும் சீனியும். கோயில் சடங்கில வாங்கின சக்கரப் பொங்கல் கொப்பியிலயே இல்ல. அம்மாள்ட சாப்பாட்டில சீனி ஏறாதாம்.

இந்தச் சீனி வருத்தம் பிடிபட்டது சுனாமி முகாமில. ஒரு கூட்டம் வந்து கோதும மாவும் சீனியும் நிவாரணம் தந்திட்டுப் போகும். அடுத்த நாள் இன்னொரு கூட்டம் வந்து விரல்ல குத்தி, அம்மா உங்களுக்குச் சீனி கூட எண்டு சொல்லிட்டுப் போகும். ரெண்டு கூட்டமும் படம் பிடிச்ச.

மறுகா நாட்டில சண்டை முடிஞ்ச அடுத்த மாசம், என்ட மனுசன்ட தம்பி திவாகரன் கட்டாரில இருந்து வந்தான், மெசினோட. முதல் நாள் மாமி தன்ட விரலத்தான் குத்தினா. இருநூத்தித் தொண்ணூறு. ஐயோ, என்ட புள்ளைக்குப் பழுதான சாமானக் குடுத்து ஏமாத்திப் போட்டாங்கள் எண்டு ஒரே அழுக.

அந்தக் கிழமை கிளினிக்குக்கு வந்தா, டொக்டர் எல்லாருக்கும் முன்னால ஆச்சிப்பிள்ளையக்காட கொப்பியத் தூக்கிக் காட்டி, இப்பிடியெல்லோ இருக்கோணும் எண்டிட்டார். அவ எங்கட பக்கத்து வீடு. சுனாமியில ரெண்டு வீடும் ஒண்டாத்தான் போன. வீடு போகக்குள்ள வராத பொறாம, கொப்பியில வந்திட்டு.

வீட்ட வந்ததும் வராததுமா, மேனுகா, உன்ட விரல ஒருக்காத் தா, மெசினச் சோதிச்சுப் பாப்பம் எண்டா. நீட்டினன். நூத்திப் பதினாறு. மாமிட முகத்தில அப்பிடி ஒரு சிரிப்ப என்ட கலியாணத்திலயும் நான் காணல்ல. எழுது எண்டா. எழுதிட்டன்.

ஓம் மிஸ். என்ட ரத்தம்.

ஏசுங்க, நல்லா ஏசுங்க. பதினொரு மாசம். சாப்பிடுறது மாமி, விரல நீட்டுறது நான். வீட்டுல சமையலும் நான்தான், ரத்தமும் நான்தான், பேரு மட்டும் அவவுக்கு. டொக்டர் இங்க குத்திப் பாக்காம, அந்தக் கொப்பிய மட்டும் பாத்துக் குளிசையில ஒண்டக் குறைச்சார். மாமி அந்தச் சந்தோசத்தில தயிர்ச் சட்டிய வழிச்சுத் துடைச்சா. என்ட மனுசனும் வாவியில இறாலுக்கு வல வீசிட்டு வந்து, கொப்பியப் புரட்டி, அம்மா நல்லா வாயக் கட்டுறா எண்டு பெருமப்படும்.

இப்ப கால் பெருவிரல் புண் ஆறுதில்ல. கறுத்துக்கொண்டு வருது, நீங்களும் பாத்தீங்க. டொக்டர் இந்தக் கொப்பிய நம்பித்தான் இண்டைக்கும் மருந்து எழுதுவார் எண்டா, அடுத்த தடவ அந்த விரலக் கழட்டச் சொல்லுவார். ஏசுவா, என்னை வச்சு முசுப்பாத்தி பண்ணிச் சிரிப்பா, ஆனா முகாமில தன்ட பங்குப் பாண் துண்ட எனக்குத் தந்திட்டு வெறும் தேத்தண்ணி குடிச்ச மனுசி மிஸ்.

இவ்வளவு நாளும் வாய் திறக்காம இருந்திட்டு இண்டைக்கு ஏனெண்டா? முந்தாநாள் வழமபோல விரல நீட்டினன். மாமி தட்டி விட்டா. உன்ட ரத்தம் இப்ப சரியில்ல, என்ட கொப்பியக் கெடுக்கிறாய் எண்டா. எண்டிட்டு, வா கிளி எண்டு என்ட மகள் நிருஷாவக் கூப்பிட்டு மடியில இருத்தி, அந்தப் பிஞ்சு விரலத் துடைக்கத் துடங்கிட்டா. ஆறு வயசு மிஸ் அவளுக்கு. ஊசியப் பறிச்சு வேலிக்கு அங்கால எறிஞ்சிட்டன். கலியாணம் கட்டி ஏழு வருசத்தில மாமிட கையில இருந்து நான் பறிச்ச முதல் சாமான் அதுதான்.

சரியில்ல எண்டா என்ன சரியில்லயா? நீங்க இன்னும் கடைசிப் பக்கத்துக்கு வரல்ல, அதான். திருப்புங்க. நூத்தி எழுபது. இருநூத்திப் பத்து. இது போன கிழமை, இருநூத்தி நாப்பத்தெட்டு. இல்ல, அது மாமி இல்ல. எல்லாம் அதே விரல்தான்.

எழும்பாதீங்க, இருங்க. டொக்டரப் பிறகு கூப்பிடலாம், முதல்ல மாமிட விசயம். அவவுக்கு ஒரு புதுக் கொப்பி குடுத்து, முதல் பக்கத்தில முந்நூத்தி நாப்பத்திரண்டு எண்டு உங்கட கையாலயே எழுதுங்க. எனக்குப் புதுசு வேணாம். இதில அட்டையில அன்னப்பூரணி எண்டு இருக்கிறத வெட்டிப்போட்டு மேனுகா எண்டு போட்டாச் சரி, வயசு இருபத்தேழு. கோடெல்லாம் போட்டுத்தானே கிடக்கு.

போத்தல்ல இன்னும் தண்ணி இருக்கா மிஸ்?