அண்ணன் நினைவாக

விளம்பரப் பெண்: இன்னும் ஒரே ஒரு தடவ ஐயா. செருப்பு நல்லா உழைக்குதுன்னு சொன்னீங்க, சரி. அதையே கொஞ்சம் சிரிச்சுக்கிட்டு...

வாடிக்கையாளர்: இது சிரிக்கிற மூஞ்சி இல்லம்மா.

கடைக்காரர்: அவர விட்டுடும்மா. வேலை வெட்டி இருக்கும். வேற யாராச்சும் வருவாங்க.

விளம்பரப் பெண்: யாரு சார் வருவா? காலையிலேருந்து கேமராவப் பாத்ததும் ஒவ்வொருத்தரா நழுவுறாங்க. இவர்தான் உக்காந்தாரு. அவரத் துரத்துறதுலயே குறியா இருக்கீங்களே.

கடைக்காரர்: துரத்தலம்மா...

வாடிக்கையாளர்: இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. சுவத்துல இருக்கிறது யாரு? குனிஞ்சு தைக்கிறாரு, மூஞ்சியே தெரியல.

விளம்பரப் பெண்: சாரோட அண்ணன். தொழில் கத்துக்கொடுத்தவரு. சின்ன வயசுல எடுத்தது, கிடைச்சதே இது ஒண்ணுதான். பாவம், இப்ப இல்ல.

வாடிக்கையாளர்: அடடா. எப்படிப் போனாரு?

கடைக்காரர்: அதெல்லாம் இப்ப எதுக்குங்க...

விளம்பரப் பெண்: நெஞ்சு வலி. நீங்கதானே சார் சொன்னீங்க?

கடைக்காரர்: ம்.

வாடிக்கையாளர்: நெஞ்சு வலியா. ரொம்ப இழுத்துக்கிட்டுக் கிடக்கல, அதுவரைக்கும் நல்லது.

விளம்பரப் பெண்: சின்னக் கடைக்கு ஒரு உண்மைக் கதை போதும் ஐயா. முதல்ல சார் தோலு, பசை, தையல்னே பேசிட்டிருந்தாரு. அத யாரு கேப்பா? 'உங்களுக்கு யாரு கத்துக்கொடுத்தா'ன்னு கேட்டேன். அண்ணன்னாரு. 'அவரு எங்க'ன்னேன். அப்படியே கண்ணு கலங்கிடுச்சு. அந்த வீடியோவுக்கு அப்புறம் ஆர்டர் முடிக்க ஆள் போதல.

வாடிக்கையாளர்: நல்ல அண்ணனோ?

விளம்பரப் பெண்: சொல்லுங்க சார், இத அப்படியே எடுத்துக்கிறேன்.

கடைக்காரர்: ...நல்ல அண்ணன்தான். தையல் கோணினா மண்டையில ஒண்ணு வைப்பாரு. அப்புறம் அவரே உக்காந்து பிரிச்சுத் தைப்பாரு. எனக்குத்தான் வாய் அதிகம்.

வாடிக்கையாளர்: அவருக்கும் கொறஞ்சிருக்காது.

கடைக்காரர்: கொறச்சலில்ல.

வாடிக்கையாளர்: இதையெல்லாம் அவருகிட்டயே சொல்லியிருக்கலாமே.

கடைக்காரர்: எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுங்க... வருஷம் ஓடிப்போச்சு.

விளம்பரப் பெண்: அருமையா வந்துட்டிருக்கு... ஐயோ, பேட்டரி போச்சு. கார்ல இன்னொண்ணு இருக்கு. ரெண்டு பேரும் எழுந்திரிக்காதீங்க, ஓடி வந்துடுறேன்.

வாடிக்கையாளர்: எனக்கு எப்படா நெஞ்சு வலி வந்துச்சு?

கடைக்காரர்: அண்ணே...

வாடிக்கையாளர்: கேக்கிறேன்ல.

கடைக்காரர்: சண்ட போட்டுக்கிட்டோம், பேச்சுவார்த்த இல்லன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்ல வாய் வரல. 'இறந்துட்டாரா சார்'னு அதுவாவே கேட்டுச்சு. ஆமான்னுட்டேன்.

வாடிக்கையாளர்: அது அவ்வளவு சுலபமா இருந்துச்சா?

கடைக்காரர்: அந்த நேரத்துக்குச் சுலபமா இருந்துச்சு. அப்புறம் வர்றவங்க எல்லாம் கையப் புடிச்சு ஆறுதல் சொல்றாங்க. ஒவ்வொரு தடவையும் செத்துப் போயிடலாம்னு இருக்கு. திட்டிட்டுப் போ அண்ணே. ரெண்டு அடி வேணும்னாலும் அடி.

வாடிக்கையாளர்: நானா வரலடா. அம்மா அனுப்புனாங்க.

கடைக்காரர்: அம்மா பாத்துட்டாங்களா?

வாடிக்கையாளர்: பக்கத்து வீட்டுப் பொண்ணு ஃபோன்ல காட்டியிருக்கு.

கடைக்காரர்: என்ன... என்ன சொன்னாங்க?

வாடிக்கையாளர்: என் கைய விடாம புடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தாங்க. அப்புறம்தான் கேட்டாங்க, 'நான் இருக்கேன்னாவது சொல்லியிருக்கானா, போய்க் கேட்டுட்டு வா'ன்னு. என்னடா... அம்மாகிட்ட போய் நான் என்ன சொல்ல?

கடைக்காரர்: ...அந்தப் பொண்ணு அடுத்து அம்மாவப் பத்திதான் கேட்டுச்சு, அண்ணே. உனக்கு முன்னாடியே போயிட்டாங்கன்னு சொல்லிட்டேன்.