மேட்டுல மட்டும் வர்ற சத்தம்

— கேட்டுச்சா? இப்பக் கேட்டுச்சா மருமகளே?

— இல்ல அத்தை. ஸ்டாண்டுல நிக்குற சைக்கிள், பின் சக்கரம் சும்மா சுத்துது. நம்ம தெரு மேட்டுல ஏறுறப்பத்தானே வருதுன்னீங்க?

— மேட்டுல மட்டும்தான். ஒரு சுத்துக்கு ஒரு கிரீச். பேக்கரிக்காரர் கடைக்குள்ள இருந்து எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாரு. மெக்கானிக்கோட மாமியார் வண்டியே இப்படிக் கத்துனா உன் கடைக்கு எவன் வருவான்?

— கிண்டலெல்லாம் அப்புறம். சாயங்காலம் உங்க மகன் இந்தச் சைக்கிள்ல மாட்ட மோட்டார் வாங்கிட்டு வர்றாரு. கால் ஏற்கெனவே போச்சு, இப்ப கிராங்கும் போச்சு, அம்மாவுக்கு இனிமே பேட்டரி வண்டிதான்னு காலையில போன்ல சொல்லிட்டிருந்தாரு.

— அவனுக்குப் பயம். எனக்கு இல்ல. ஓடுற பஸ்ஸுல கண்டக்டரா நின்னுக்கிட்டே டிக்கெட் கிழிச்சவ நான். படியில வழுக்கி விழுந்து, ஆபரேஷன் பண்ணி, ஒரு காலு சும்மா ஆயிடுச்சு. சரி, இன்னொண்ணு இருக்குல்ல? வலது காலு டிரைவர். இடது காலு டிக்கெட் எடுக்காத பயணி, கூடவே வருது, அவ்வளவுதான். நீ இந்தச் சத்தத்தை மட்டும் நிறுத்து. மோட்டார் மாட்டுனா நான் அந்த வண்டியில ஏறவே மாட்டேன்.

— அப்ப மேட்டை இங்கேயே கொண்டு வந்துடலாம். பின் பிரேக்கை நான் கொஞ்சம் பிடிச்சுக்கிறேன். சக்கரம் கனமா இருக்கும், நீங்க அமுக்கி மிதிக்கணும்.

— ரைட், போலாம்.

— வருது வருது. ஒரு சுத்துக்கு ஒண்ணு. செயின்னா இப்படி ஒழுங்கா வராது. சீட்டுல கை வச்சுப் பார்க்கிறேன், அங்க அதிர்வே இல்ல. அப்ப பெடலைச் சுத்துற கிராங்க் தண்டு, இல்லேன்னா அதுல பெடல் ஏறுற இடம்.

— வலது பக்கம்தான் இருக்கும். மிதிக்கிற காலு அதுதானே.

— நானும் அப்படி நினைச்சுத்தான் நேத்தே வலது பக்கம் பூராக் கழட்டித் துடைச்சு, கிரீஸ் வச்சு முறுக்கினேன். நான் முறுக்கினது கத்தாது அத்தை.

— பெருமையைப் பாரு.

— பெருமைதான். இருந்துட்டுப் போகட்டும்.

— இருக்கட்டும் இருக்கட்டும். ஸ்பேனர் பிடிக்கிற பொண்ணாமேன்னு கல்யாணத்துல ஒருத்தி மூக்கைச் சுளிச்சா. ஆமா, உன் வண்டி நடுரோட்டுல நின்னா இவகிட்டதான் வரணும்னு சொன்னேன். வந்தாளா இல்லையா?

— வந்தாங்க. சரி, வலது காலைக் கீழ இறக்குங்க. இடதை மட்டும் வச்சு ஒரு மிதி.

— விளையாடுறியா? பயணியைப் போய் ஸ்டியரிங் பிடிக்கச் சொல்றே.

— ஒரே ஒரு மிதி. பாதத்தைத்தான் பெடலோட வார் போட்டுக் கட்டியிருக்கே, நழுவாது.

— ம். இந்தா.

— அதே கிரீச். வலது பக்கம் பாவம், சும்மா திட்டு வாங்கியிருக்கு.

— காலோட கனம் பெடல் மேல விழுந்திருக்கும். அதுக்குத் தெம்பு ஏது?

— இருங்க, வாரை அவுத்துட்டு இந்தப் பெடலைக் கழட்டுறேன். பாருங்க, மரை எல்லாம் காஞ்சு துரு ஏறிக் கிடக்கு. வார் மாட்டுறதுக்காக இதைக் கழட்டித் திரும்ப மாட்டினது யாரு?

— உன் புருஷன்தான். அம்மா காலு நழுவிடக் கூடாதுன்னு ஒரு ஞாயித்துக்கிழமை பூரா இதுலயே உக்காந்திருந்தான்.

— அவ்வளவு பாசம் வச்சவரு கொஞ்சம் கிரீஸும் வச்சிருக்கலாம். சரி, துடைச்சாச்சு, கிரீஸ் போட்டாச்சு, முறுக்கியாச்சு, வாரும் கட்டியாச்சு. பிரேக்கை மறுபடி பிடிச்சுக்கிறேன், இடதை மட்டும் மிதிங்க. கீழ வந்ததும் பின்பக்கமா சுத்தி மேல கொண்டு வந்து, திரும்ப அமுக்குங்க. கண்ணை மூடிக்குங்க, காது மட்டும் வேலை செய்யட்டும்.

— ரைட். சத்தம் இல்லையே. இரு, இன்னொரு தடவை. இல்ல. போயே போச்சு. என் மருமக கைன்னா கைதான். பேக்கரிக்காரர்கிட்ட நானே போய்ச் சொல்றேன்.

— நிறுத்தாதீங்க. இன்னும் மிதிங்க.

— மிதிக்கிறேன். ஆனா உன் திருட்டுத்தனம் எனக்குத் தெரியாதா? மாமியார் மனசு நோகக் கூடாதுன்னு பிரேக்கை விட்டுட்டே. இல்லேன்னா இந்தக் காலு மிதிச்சுச் சக்கரம் இப்படிச் சுத்துமா?

— கண்ணைத் திறந்து பாருங்க அத்தை. மறுபடி பிடிச்ச பிரேக்கை நான் விடவே இல்ல. இப்ப ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.