முதலில் சோதிக்க வேண்டும்

எனக்கு ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். அதனால்தான் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனேன்.

சிம்பாங் ரெங்கத்தில் ஒரு பல் கிளினிக்கிற்கு மேல்மாடியில் எங்கள் மையம். உதவித் தாதியர் தேர்வு எழுதுகிறவர்களுக்கு வார இறுதியில் மீள்பார்வை வகுப்பு. நான் உயிர்வேதியியல் பட்டதாரி. நோயாளி யாரையும் தொட்டதில்லை. மையத்தை நடத்தும் யோகேந்திரன் அதைக் குறையாக நினைக்கவில்லை. "பிள்ளைங்க பாஸ் பண்ணணும் மிஸ், அவ்ளோதான் லா," என்றார்.

பழைய வினாத்தாள்களைப் படித்ததில் எனக்கு ஒன்று புரிந்தது. 'முதலில் என்ன செய்வீர்கள்' என்று கேட்டால், சோதிப்பதுதான் பெரும்பாலும் விடை. சிகிச்சை அடுத்த படி. படி தாண்டினால் மதிப்பெண் போய்விடும். இதை எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள், பிரவீனாவைத் தவிர.

அவள் கெலாங் பாத்தாவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தபடி படித்தாள். சர்க்கரை நோயாளிக்கு மயக்கம் வருகிறது என்ற கேள்விக்கு ஒவ்வொரு முறையும் 'இனிப்புப் பானம் கொடு' என்றே குறித்தாள்.

"அங்க சர்க்கரை டெஸ்ட் பண்ற மெஷின்ல பாதி நாள் பேட்டரி இருக்காது மிஸ். நாங்க மைலோ கலக்கிக் கொடுத்துடுவோம். எழுந்து உக்காந்துடுவாங்க."

"தேர்வில் மெஷின் எப்போதும் வேலை செய்யும்," என்றேன்.

பக்கத்தில் இருந்த யோகேஸ்வரி, "பரீட்சைக்கும் மைலோ கொண்டு போ லா," என்றாள். வகுப்பே சிரித்தது. பிரவீனாவும் சிரித்தாள். அதன் பிறகு அவள் ஏன் என்று கேட்டதே இல்லை. மாதிரித் தேர்வுகளில் முதலாவதாக வரத் தொடங்கினாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

நீங்கள் விசாரிக்கும் அந்தப் புதன்கிழமை மதியம், இல்லத்திலிருந்து அவள்தான் என்னைப் போனில் கூப்பிட்டாள்.

"மிஸ், சரவணமுத்து அங்கிளுக்கு வேர்த்து ஊத்துது. காலையில இன்சுலின் போட்டாச்சு, கஞ்சி குடிக்கல. கூப்பிட்டா 'ம்'னு மட்டும் சொல்றாரு."

"முதல்ல என்ன செய்யணும்?"

"டெஸ்ட் பண்ணணும். பேட்டரி இல்ல மிஸ். மைலோ கொடுக்கட்டா?"

"இரண்டாவது படிக்கு எப்போ போகலாம்?"

கரண்டி ஒன்று குவளைக்குள் சுற்றும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"முதல் படி முடிஞ்சாதான். பேட்டரி வாங்க ஆள் அனுப்புறேன் மிஸ்."

"கெட்டிக்காரி," என்றேன்.

பேட்டரி வந்தபோது அவர் 'ம்' சொல்வதை நிறுத்தியிருந்தார். ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். மருத்துவமனையில் இறந்துபோனார்.

இந்த விசாரணையில் எல்லாரும் பிரவீனாவைக் குற்றம் சொல்கிறீர்கள். அவளுடைய வேலை போய்விடும் என்கிறார்கள். அது நியாயமில்லை என்று சொல்லத்தான் நானாக வந்தேன். அவள் எந்தப் படியையும் தாண்டவில்லை.

எனக்குத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும். சர்க்கரை இறங்கினால் மூளைக்கு என்ன ஆகும் என்று படம் வரைந்தே காட்டுவேன். அவரால் அப்போது விழுங்க முடிந்திருக்கும் என்பதும், அந்தக் குவளை போதும் என்பதும், அவள் கேட்ட உடனேயே எனக்குத் தெரியும். ஆனால் தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. சரி, கொடு என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் பழையபடி குழம்பிப்போயிருப்பாள். அத்தனை மாத உழைப்பும் வீணாகியிருக்கும். ஒரு ஆசிரியை அப்படிச் செய்யக்கூடாது.

அதே கேள்வி தேர்வில் வந்தது. பிரவீனா சரியாக எழுதித் தேறிவிட்டாள். வேண்டுமானால் அவளிடமே கேட்டுப் பாருங்கள், அன்று போனில்கூட விடையை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.