மூன்றாவது கேமரா

வீட்டில் கேமரா மாட்டுவது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. ஓர் ஏணி, சுவரில் துளை போடும் மெஷின், ஒயர் இழுக்கத் தெரிந்த ஆள், அரை நாள் பொழுது, அவ்வளவுதான். உங்கள் மேசை மேல் இருக்கிறதே கறுப்புப் பெட்டி, அதுதான் ரெக்கார்டர். நான்கு கேமராவின் படமும் அதற்குள் இருக்கும் டிஸ்க்கில் போய்ச் சேரும். வாசலுக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, அப்பா இருந்த கூடத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று. நீங்கள் கேட்பதெல்லாம் கூடத்தில் இருந்த மூன்றாவதைப் பற்றித்தான். அதற்கு வருகிறேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் சட்டையை வெளிச்சத்தில் விரித்து, தையல் விட்ட இடம், பொத்தான் காஜா கோணிய இடம் பார்த்து, சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவேன். பத்தொன்பது வருடமாக இதுதான். என் கண்ணுக்குத் தப்பிய சட்டை கிடையாது. அதற்காக யாரும் என்னைப் பாராட்டியதும் கிடையாது. குறை சொல்கிறவளை யாருக்குப் பிடிக்கும்.

என் தங்கையை எல்லோருக்கும் பிடிக்கும். கல்யாணம் வேண்டாமென்று அப்பாவோடு இருந்துவிட்டாள். அவருக்குப் பக்கவாதம் வந்து, வாக்கர் பிடித்து நடந்த இந்த ஆறு வருடமும் குளிப்பாட்டியது, ஊட்டியது எல்லாம் அவள்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் இருந்துகொண்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போவேன். போகும்போதெல்லாம் அப்பாவின் தங்கை, என் அத்தை, கூடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரே பாட்டைப் பாடுவாள். "சின்னவ மட்டும் இல்லேன்னா அண்ணன் கதி என்ன ஆயிருக்கும்? பெத்தா இப்படி ஒண்ணு பெக்கணும்." என் காதுபடத்தான் சொல்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் என்ன, தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையா?

நான்கு மாதத்துக்கு முன்பு அப்பாவின் முழங்கையில் ஒரு கன்றிய தடம் பார்த்தேன். "கதவுல இடிச்சிக்கிட்டாருக்கா" என்றாள் தங்கை. அப்பாவும் ஆமாம் என்று தலையாட்டினார். அவளைக் காப்பாற்ற அவர் எதற்கும் தலையாட்டுவார். அடுத்த வாரமே கேமராக்களோடு போய் நின்றேன்.

"வீட்டுக்குள்ளயாக்கா? இது என்ன கடையா?" என்றாள்.

"அப்பாவோட நல்லதுக்குத்தான்" என்றேன்.

மாட்ட வந்தவர் பொறுமைசாலி. அசைவு இருந்தால் மட்டும் பதிவாகும்படி வைத்தால் டிஸ்க் சீக்கிரம் நிறையாது என்றார். சரி என்றேன். பதிவாகாத நேரத்திலும் நேரடிப் படம் போனில் தெரிந்துகொண்டே இருக்கும். மூன்றாவது கேமராவில் மைக்கும் ஸ்பீக்கரும் உண்டு, போனில் பேசினால் அங்கே கேட்கும். முதல் நாள் பேசிப் பார்த்தேன். சுவரிலிருந்து என் குரல் வந்ததும் அப்பா சிரித்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் கேமராவைப் பார்த்துக் கையை உயர்த்தி, "பெரிசு, பாக்கிறியா?" என்பார். பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். செக்கிங் மேசையில் போனைச் சாய்த்து வைத்திருப்பேன். பேசினால் சூப்பர்வைசர் கத்துவார் என்பதால் பதில் சொன்னதில்லை.

மூன்று மாதம் பார்த்தேன். ஒரு குறை கிடைக்கவில்லை. அடிக்கவில்லை, திட்டவில்லை, சாப்பாடு ஆறிப்போனால் எழுந்து போய்ச் சூடு பண்ணிக்கொண்டு வந்தாள். உங்களுக்கு இது நல்ல சேதியாகத் தெரியலாம். எனக்கு ஆத்திரம்தான் கூடியது. குறையே இல்லாத சட்டை என்று ஒன்று வந்தால், நாம் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை 10.20க்கு அவள் வெளியே போனது முதல் கேமராவில் இருக்கிறது. 10.46க்கு அப்பா வாக்கரை விட்டுவிட்டுத் தண்ணீர்ச் செம்புக்குக் கை நீட்டினார். விழுந்தார். இடுப்புதான் முதலில் தரையில் மோதியது. எழ முடியவில்லை. எதிர்வீட்டில் ஒரு நர்ஸம்மா இருக்கிறார், அன்று அவருக்கு விடுமுறை, எங்கள் வீட்டுச் சாவி ஒன்று அவரிடம் உண்டு. அவர் நம்பர் என் போனில் இருக்கிறது. இதில் எதையும் நான் மறைக்கவில்லை.

நான் மணியைப் பார்த்தேன். இவள் எத்தனை நேரம்தான் வராமல் இருக்கிறாள், பார்த்துவிடலாம் என்று தோன்றியது. பத்து நிமிடம் என்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அரை மணி என்றால், "பாவம், என்ன அவசரமோ" என்பாள் அத்தை. ஒரு மணி நேரமாவது ஆனால்தான் அந்த வாயை அடைக்க முடியும். ஒரு மணி நேரம் ஆனது. இவ்வளவு பொறுத்தாயிற்று, இன்னும் கொஞ்சம் என்று தோன்றியது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை போன் திரையைப் படம் பிடித்து வைத்தேன். நடுநடுவே சட்டைகளையும் பார்த்தேன். அன்றும் ஒன்று தப்பவில்லை.

அப்பா கேமரா பக்கம் தலையைத் திருப்பினார். ஒரு கை உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தது. இன்னொரு கையை உயர்த்தி, "பெரிசு, பாக்கிறியா?" என்றார். பல தடவை கேட்டார். பக்கத்து மேசைக்காரிக்குத் தொந்தரவாக இருக்குமே என்று சத்தத்தை அணைத்துவிட்டேன்.

12.41க்குப் பிறகு பதிவு இல்லை. ரெக்கார்டரில் கோளாறு இல்லை, நான் எதையும் அழிக்கவும் இல்லை. அசைவு இருந்தால்தான் அது பதியும் என்று சொன்னேன் அல்லவா. அடுத்த பதிவு 2.05க்கு, தங்கை கதவைத் திறந்து பையைக் கீழே போடுவது.

சாவு வீட்டில் எல்லோரும் அவளைத்தான் தேற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் அவள்தான். எனக்கு வயிறு எரிந்தது. போனை எடுத்து அத்தை கையில் கொடுத்தேன். "எத்தனை நேரம் கெடந்திருக்காருன்னு பாருங்க அத்தை. உங்க சின்னவ லட்சணத்தைப் பாருங்க" என்றேன். அத்தை ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தாள். மூலையில் போட்டிருந்த நேரத்தைப் படித்தாள். பிறகு நிமிர்ந்து, "இதெல்லாம் யாருடி எடுத்தது?" என்றாள்.

தங்கை மட்டும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்க என்ன இருக்கிறது. அன்று 10.05க்கு எனக்கு வந்த போனைப் பற்றி நீங்கள் இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். அது அவள்தான். "அக்கா, மார்ல ஒரு கட்டி இருக்குது. இன்னைக்கே ஸ்கேன் எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. மூணு நாலு மணி நேரம் ஆகும். நர்ஸம்மாவை வந்து உக்காரச் சொல்லட்டா, இல்ல நீ கேமராவில அப்பாவைப் பாத்துக்கிறியா?" என்றாள். "அவங்களை எதுக்குத் தொந்தரவு பண்ற? நான் பாத்துக்கிறேன், நீ போ" என்றேன். ஆறு வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட ஒரே உதவி என்று அத்தை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாளாம். இருக்கட்டுமே. அதனால் அவள் வீட்டை விட்டுப் போனது பொய்யாகிவிடுமா?

ஒரு போன் செய்திருந்தால் அப்பா பிழைத்திருப்பார் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றீர்கள். நான் செய்யவில்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டே இருந்தேன், செய்யவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த இருபது படங்களையும் நீங்களே ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். ஒன்றில்கூட என் தங்கை இல்லை. ஆரம்பத்திலிருந்து நான் சொல்லிக்கொண்டிருப்பது அதைத்தான்.